ஒரு லிட்டருக்கு 25 கிராம்

(பெரியபாளையத்தில் ஆசிரியர்கள், மாணவர்கள், உழவர்கள் கூடிய அவையில் அடர்த்தி பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடர்த்தி என்ற பாடத்தை நாம் எல்லோரும் பள்ளியில் படித்துவிட்டோம். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. ஒரு மதிப்பெண் கேள்வி. விடை எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம், அத்தோடு விட்டுவிட்டோம். அந்த ஒரு மதிப்பெண் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் முகத்தில் ஒரு கவலை தெரிகிறது. பரீட்சை எதுவும் வைக்கப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீரைத் தராசில் வைத்தால் 1000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரை வைத்தால் ஏறத்தாழ 1025 கிராம். வித்தியாசம் 25 கிராம். நூற்றுக்கு இரண்டரை. கையில் தூக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த 25 கிராம்தான் கடல் பக்கமுள்ள மீஞ்சூர் வட்டாரத்தில் எத்தனையோ கிணறுகளை உப்பாக்கியது. கடலிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி, ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் நமக்கு அதில் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதற்குப் போகும் முன் அடர்த்தி என்றால் என்ன என்பதை ஒழுங்காகப் புரிந்துகொண்டு வந்துவிடலாம்.

கனமா, அடர்த்தியா?

இரும்பு கனம், பஞ்சு லேசு என்கிறோம். ஒரு மூட்டைப் பஞ்சும் ஒரு ஆணியும் வைத்தால் எது கனம்? பஞ்சு மூட்டைதான். அப்படியானால் நாம் சொல்ல வந்தது வேறு. ஒரே அளவு இடத்தில் எது அதிக நிறையை அடக்கி வைத்திருக்கிறது என்பதையே சொல்ல நினைத்தோம். ஒரு லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர் 1 கிலோ. அலுமினியம் 2.7 கிலோ. எஃகு 7.85 கிலோ. ஈயம் 11.3 கிலோ. பாதரசம் 13.6 கிலோ. தங்கம் 19.3 கிலோ. பொருளை வெட்டினாலும் உடைத்தாலும் இந்த எண் மாறாது. எட்டு கிராம் தங்கக் காசுக்கும் எட்டு கிலோ தங்கக் கட்டிக்கும் அடர்த்தி ஒன்றே.

இந்த எண் ஏன் பொருளுக்குப் பொருள் மாறுகிறது? ஆடி ஞாயிற்றுக்கிழமை நம் பவானி அம்மன் கோவிலுக்கு வரும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேருந்தின் சுமை இரண்டு வழியில் கூடும். ஏறியவர் ஒவ்வொருவரும் கனமானவராக இருக்கலாம். அல்லது ஆட்கள் இன்னும் நெருக்கி நிற்கலாம். பொருளின் அடர்த்தியும் இந்த இரண்டால்தான் அமைகிறது: அணு ஒவ்வொன்றின் நிறை, அணுக்கள் நெருங்கி நிற்கும் விதம்.

அலுமினியத்தையும் தங்கத்தையும் எடுங்கள். இரண்டிலும் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை ஒன்றே. இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் அலுமினிய அணுவின் நிறை 27 என்றால் தங்க அணுவின் நிறை 197. ஏழு மடங்குக்குச் சற்று அதிகம். அடர்த்தியைப் பாருங்கள்: 2.7, 19.3. அதுவும் அதே ஏழு மடங்கு. இங்கே முழு வித்தியாசமும் அணுவின் நிறையால் வந்தது.

இப்போது தங்கத்தையும் ஈயத்தையும் வையுங்கள். ஈய அணுவின் நிறை 207. தங்க அணுவைவிட அதிகம். அப்படியானால் ஈயம்தானே அடர்த்தி கூடியதாக இருக்க வேண்டும்? இல்லை. ஈயம் 11.3தான். ஈய அணுக்கள் விலகி நிற்கின்றன, தங்க அணுக்கள் நெருங்கி நிற்கின்றன. பனிக்கட்டி இன்னும் தெளிவான உதாரணம். தண்ணீரும் பனிக்கட்டியும் ஒரே மூலக்கூறுதான். உறையும்போது மூலக்கூறுகள் கொஞ்சம் விலகி வரிசை கட்டுகின்றன. ஒரு லிட்டர் பனிக்கட்டி 917 கிராம்தான் இருக்கும். அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சூத்திரத்தை மனப்பாடம் செய்வது பத்து நிமிட வேலை. தங்கத்தையும் ஈயத்தையும் பக்கத்தில் வைத்து, ஏன் இப்படி என்று கேட்டால்தான் பாடம் பிடிபடும்.

162 என்ற எண்

நமக்கு வடகிழக்கே கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி போடும் ஆலைகள் இருக்கின்றன. வீடு கட்டியவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். கம்பி எடைக்கு மேஸ்திரி ஒரு கணக்கு வைத்திருப்பார். கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுப்பார். ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் 144ஐ 162ஆல் வகுக்க வேண்டும். 0.889 வரும். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறத்தாழ 10.67 கிலோ.

அந்த 162 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "கணக்கு அப்படித்தான் சார்" என்பார்கள். உண்மையில் அது எஃகின் அடர்த்தி. ஒரு கன மீட்டர் எஃகு 7850 கிலோ. கம்பியின் வட்டப் பரப்பை ஒரு மீட்டர் நீளத்தால் பெருக்கி, 7850ஆல் பெருக்கி, மில்லிமீட்டரை மீட்டராக்கி எல்லாவற்றையும் சுருக்கினால் மிஞ்சுவது 162. அலுமினியக் கம்பி என்றால் அதே இடத்தில் ஏறத்தாழ 472 வரும். மேஸ்திரி தினமும் அடர்த்தியைக் கையாளுகிறார், பெயர்தான் வேறு.

இதில் காசு இருக்கிறது. எஃகின் அடர்த்தி மாறாது. எனவே நீளம் சரியாக இருந்து எடை குறைந்தால், கம்பி மெலிந்திருக்கிறது என்றுதான் பொருள். கட்டடக் கம்பிக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 1786. 10 மில்லிமீட்டருக்கு மேல் 16 வரையுள்ள கம்பிகளுக்கு, மொத்தச் சரக்கின் எடை 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம் என்று அது இடம் கொடுக்கிறது. ஆகவே வந்து இறங்கிய 12 மில்லிமீட்டர் கம்பிக் கட்டு முழுவதையும் எடை போட்டு, கம்பிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு கம்பிக்குச் சராசரியாக 10.1 கிலோவுக்கும் கீழே போனால் கடைக்காரரிடம் விளக்கம் கேளுங்கள்.

எண்ணெய் பாக்கெட்டும் பால் அளவியும்

எஃகு போல எல்லாப் பொருளும் அடங்கி நிற்பதில்லை. திரவங்கள் சூட்டில் விரியும். நிறை அப்படியே இருக்க இடம் கூடினால் அடர்த்தி குறையும்.

சமையல் எண்ணெய் பாக்கெட்டைப் பாருங்கள். ஒரு லிட்டர் என்று எழுதி, பக்கத்தில் 910 கிராம் என்று போட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி வெப்பத்தில் 919 கிராம். 60 டிகிரியில் 893 கிராம். சூடான எண்ணெயைக் கணக்கில் வைத்து ஒரு லிட்டர் என்று அச்சடித்தால், பாக்கெட்டுக்கு 26 கிராம் குறைத்துக் கொடுத்துவிட்டு லிட்டர் கணக்கை மட்டும் சரியாகக் காட்டலாம். வாங்கிய வீட்டில் அது சூடாகவா இருக்கப்போகிறது? இதனால்தான் 2022ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் அளவையும் எடையையும் சேர்த்து அச்சிடச் சொன்னது. இங்கேயும் லிட்டருக்கு 25 கிராம் சமாச்சாரம்தான்.

பெட்ரோல் பங்கிலும் இதே விவகாரம். அங்கே அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள். அது 15 டிகிரி வெப்பத்துக்கு மாற்றிப் போட்ட எண். வெயிலில் கிடக்கும் பெட்ரோலை அளந்தால் வேறு எண் வரும். அதற்கு மாற்றல் அட்டவணை வைத்திருப்பார்கள். லாரியில் வந்தபோது இருந்த எண்ணுக்கும் இப்படி அளந்து மாற்றிய எண்ணுக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விசாரிக்க வேண்டும். அளந்து காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேட்பவர்தான் குறைவு.

பாலுக்கு வருவோம். பால் சங்கத்தில் பால் அளவியை மிதக்கவிட்டு "டிகிரி" பார்ப்பார்கள். 28 என்றால் ஒரு லிட்டர் பால் 1028 கிராம் என்று அர்த்தம். நல்ல பால் 28க்கும் 32க்கும் நடுவில் நிற்கும். தண்ணீர் கலந்தால் அளவி இன்னும் கீழே இறங்கும், எண் குறையும்.

ஆனால் பால் கலப்படக்காரர்கள் இயற்பியல் தெரிந்தவர்கள். பாலில் இருக்கும் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. அதனால்தான் ஏடு மேலே மிதக்கிறது. ஏட்டை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் பாலின் அடர்த்தி கூடி 1035ஐத் தாண்டும். பிறகு தண்ணீர் ஊற்றினால் மறுபடி 1030க்கு வந்து நிற்கும். அளவி "நல்ல பால்" என்று சொல்லிவிடும். ஏட்டையும் இழந்தோம், தண்ணீரையும் வாங்கினோம். இந்தக் காரணத்தால்தான் சங்கங்கள் டிகிரியோடு கொழுப்பையும் தனியாக அளந்து, ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) என்ற இரண்டு கணக்கில் விலை போடுகின்றன. தங்கத்திலும் இதே சிக்கல் உண்டு. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25. தங்கத்துக்கு வெகு பக்கம். உள்ளே அதை வைத்து மேலே தங்கம் போர்த்தினால் தண்ணீரில் மூழ்கடித்து அடர்த்தி பார்க்கும் ஆர்க்கிமிடிசின் சோதனையே ஏமாந்துபோகும்.

ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள். அடர்த்தி தப்பாக இருந்தால் பொருளில் கோளாறு உண்டு என்று துணிந்து சொல்லலாம். அடர்த்தி சரியாக இருப்பதால் மட்டும் பொருள் சுத்தம் என்று சொல்ல முடியாது.

நம் உழவர்கள் அடர்த்தியை வைத்தே விதை பொறுக்குகிறார்கள். தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டால் அமிழும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து கொஞ்சம் தலை காட்டும். அந்தக் கரைசலில் விதைநெல்லைக் கொட்டினால் பொக்கும் அரைகுறையாக முற்றியதும் மிதக்கும். திரண்ட நெல் அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்க வேண்டும். வெறும் தண்ணீரில் சுத்தப் பொக்கு மட்டும்தான் மிதக்கும். உப்புத் தண்ணீர் இன்னும் கறாராகப் பிரிக்கிறது. அந்தக் கறாருக்குக் காரணம், லிட்டருக்குக் கூடிய சில பத்து கிராம்.

காற்றுக்கும் அடர்த்தி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். சமையல் சிலிண்டரில் இருக்கும் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அடர்த்தியானது. கசிந்தால் அது தரையில் தேங்கும். மூக்கின் உயரத்தில் வாடை குறைவாக இருக்கிறது என்று நம்பி விளக்குச் சுவிட்சைத் தொடக்கூடாது. கதவைத் திறந்து, தாழ்வான வழியாக வெளியேறவிட வேண்டும். எண்ணூரில் 2019இல் தொடங்கிய முனையத்தில் திரவமாக வந்திறங்கும் இயற்கை எரிவாயு வேறு வகை. அது மீத்தேன். சாதாரண வெப்பத்தில் காற்றைவிட லேசானது, மேலே போகும். குழாய் வழியாக அந்த வாயு வரும் சமையலறையில் காற்றுத் துளை கூரையை ஒட்டி இருக்க வேண்டும். சிலிண்டர் வைத்த அறையில் தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

மண்ணுக்கு அடியில் நடப்பது

இனி தண்ணீருக்கு வருகிறேன். மேசைமேல் இருக்கும் இந்தக் கண்ணாடி ஜாடியைப் பாருங்கள். பாதி வரை உப்புத் தண்ணீர் ஊற்றி, சொட்டு நீலம் கலந்திருக்கிறேன். இதன்மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் விட்டு மெதுவாக இறக்குகிறேன். பாருங்கள், கலக்கவில்லை. கீழே நீலம், மேலே தெளிவு, நடுவில் ஒரு விரல்கடை மங்கலான பட்டை. ஜாடியைத் தட்டினால் கோடு ஆடுகிறது, ஆனால் திரும்பித் தன் இடத்துக்கே வருகிறது.

இப்போது பழச்சாறு குடிக்கும் உறிஞ்சுகுழல் ஒன்றை மேலே உள்ள தெளிந்த தண்ணீருக்குள் விடுகிறேன். நீலக் கோட்டைத் தொடவில்லை. மெதுவாக உறிஞ்சினால் நல்ல தண்ணீர் மட்டும் வருகிறது. வேகமாக உறிஞ்சுகிறேன். குழலுக்கு நேர் கீழே நீலக்கோடு கூம்பு மாதிரி எழும்புவது தெரிகிறதா? அதோ, குழலுக்குள் நீலம் ஏறிவிட்டது. குழல் உப்புத் தண்ணீருக்குள் போகவே இல்லை. உப்புத் தண்ணீர்தான் குழலைத் தேடி வந்தது. கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டு மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினால் பூமிக்குள் நடப்பது இதுதான்.

கடற்கரைக்குப் பக்கத்தில் நிலத்தடி இப்படித்தான் இருக்கும். மேலே மழையால் வந்த நல்ல தண்ணீர். அதன் அடியில், கடலிலிருந்து ஆப்பு மாதிரி நுழைந்திருக்கும் உப்புத் தண்ணீர். இந்த இரண்டும் எந்த ஆழத்தில் சந்திக்கும்? நெதர்லாந்தின் ராணுவப் பொறியாளர் பாடோன் கைபென் 1880களின் இறுதியிலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901இலும், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலே ஒரே விடைக்கு வந்தார்கள். கணக்கு எட்டாம் வகுப்பு மாணவர் போடக்கூடியதுதான்.

கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி ஆழத்தில் ஒரு புள்ளி. ஒரு பக்கம் கடல்நீர் 40 அடி உயரத்துக்கு அதை அழுத்துகிறது. 40ஐ 1025ஆல் பெருக்கினால் 41,000. மறுபக்கம் நல்ல தண்ணீர். அது லேசானது, ஆகவே ஈடுகொடுக்க இன்னும் உயரமாக நிற்க வேண்டும். எவ்வளவு? 41ஐ 1000ஆல் பெருக்குங்கள். அதே 41,000. அதாவது நல்ல தண்ணீர் 41 அடி நிற்க வேண்டும். 40 அடி கடல் மட்டத்துக்குக் கீழே, 1 அடி மேலே.

இதைத் திருப்பிச் சொல்கிறேன். கடலோரக் கிணறுகளில் நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட 1 அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். 5 அடி உயர்ந்து நின்றால் 200 அடி. அந்த 1 அடியை நாம் இறைத்துத் தீர்த்தால், கீழே உப்பு 40 அடி மேலேறி வரும். அன்றைக்கே வராது, மணலுக்குள் தண்ணீர் நகர வருடங்கள் ஆகும். நாம் இறைத்த கணக்கை மறந்திருப்போம், அது மறக்காமல் வந்து சேரும். நீர்மட்டம் கடல் மட்டத்துக்கே கீழே போய்விட்டால் இந்தச் சமன்பாட்டுக்கே வேலை இல்லை. கடல் நேராக உள்ளே வரும்.

இந்த 40 எங்கிருந்து வந்தது? ஆயிரத்தை 25ஆல் வகுத்தால் 40. எடையில் இவ்வளவு சிறிய வித்தியாசம் என்பதால்தான் பெருக்கம் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. அடர்த்தி வித்தியாசம் 100 கிராம் என்றிருந்தால் 1 அடிக்கு 10 அடிதான் ஏறியிருக்கும்.

மீஞ்சூரில் நடந்தது

ஆரணி ஆறு ஆந்திர மலைகளில் பிறந்து, ஊத்துக்கோட்டைப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் வந்து, நம் ஊரைக் கடந்து, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. தெற்கே கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடுகிறது. இந்த இரண்டு ஆறுகளும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மணல் அடுக்குகள்தான் நம் வட்டாரத்தின் தண்ணீர்ச் சேமிப்பு. 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இதை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் குழாய்க் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. மணலித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் போனது. 1980களில் பூண்டியிலும், நம் பக்கத்து ஊரான கன்னிகைப்பேரிலும் தொகுதிகள் வந்தன. நகரத்துக்கும் ஆலைக்கும் போனது ஒரு பக்கம். வயலுக்கு மோட்டார் வைத்து நாம் இறைத்ததும் சின்னக் கணக்கு இல்லை. அதையும் சேர்த்தே பேச வேண்டும்.

1960களின் இறுதியில் உப்பு எல்லை கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் இருந்தது. 1980களில் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு 10 கிலோமீட்டரையும் தாண்டியது. 1987இல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மீஞ்சூர்த் தொகுதியில் இறைப்பதைக் குறைத்தார்கள். ஆனால் வந்த உப்பு திரும்பிப் போக அவசரப்படுவதில்லை.

எவ்வளவு உப்பு கலந்தால் கிணறு கெடும்? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகளுக்கு, வேறு வழியே இல்லாதபோது இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 2 கிராம். நல்ல நிலையில் அரை கிராமுக்குள் இருக்க வேண்டும். இருபது குடம் தண்ணீரில் ஒரு குடம் மட்டும் கடல்நீர் என்று வையுங்கள். அந்த ஒரு குடத்தால் மட்டுமே லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிராம் ஏறிவிடும். கிணற்றில் ஏற்கெனவே அரை கிராம் இருந்தால் கணக்கு உச்சத்தைத் தாண்டிவிடும். நூற்றுக்கு ஐந்து பங்கு கடல் வந்தால் போதும், கிணறு போய்விட்டது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. உப்பை உள்ளே தள்ளுவது அடர்த்தி. ஆனால் அடர்த்தியை அளந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 2 கிராம் உப்பு கரைந்தால் ஒரு லிட்டரின் நிறை ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் கூடும். காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசமே அதைவிட அதிகம் மாற்றிவிடும். ஆகவே கிணற்றுக்குப் பால் அளவி உதவாது. நாக்கு கண்டுபிடிக்கும். கரைந்த உப்புகளை அளக்க, கடையில் கிடைக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் இன்னும் முன்கூட்டியே கண்டுபிடிக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிணறு உப்புக் கரித்தால் உடனே கடல் வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கடலோரத்தில் ஓதம் ஆற்றுக்குள்ளும் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளும் ஏறும். இறால் பண்ணை இருக்கலாம். பழைய காலத்து உப்பு களிமண்ணில் தங்கியிருக்கலாம். நம் ஊர்ப் பக்கம் என்றால் கழிவுநீரும் உரமும் காரணமாக இருக்கலாம். பக்கத்துக் கிணறுகளையும் அளந்து, வருடக்கணக்கில் எழுதி வைத்தால்தான் காரணம் தெரியும்.

நம் பங்கு

இப்போது பெரியபாளையத்துக்கு வருகிறேன். நாம் கடலிலிருந்து தள்ளி இருக்கிறோம். நம் கிணற்றில் கடல் இல்லை. ஆனால் பொன்னேரிக்காரரின் கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு நிற்கிறது என்பது, மேலே இருக்கும் நாம் எவ்வளவு விட்டு வைக்கிறோம் என்பதையும் பொறுத்தது. மணலுக்குள் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே மெதுவாக நகர்கிறது. இங்கே லாரியில் ஏற்றி அனுப்பும் தண்ணீர், அங்கே கடலை எதிர்த்து நிற்க வேண்டிய தண்ணீர். இங்கே ஆற்றில் மணலை வாரினால் தண்ணீரைப் பிடித்து வைக்கும் இடமே போகும்.

நல்ல செய்தியும் உண்டு. 40 மடங்கு என்ற கணக்கு இரண்டு பக்கமும் வேலை செய்யும். கடலோரத்தில் நீர்மட்டத்தை 1 அடி உயர்த்தினால் கீழே 40 அடிக்கு உப்பைத் தள்ள வாய்ப்பு உண்டு. நம் பக்கத்தில் பாலேஸ்வரத்தில் ஆரணி ஆற்றின் குறுக்கே தடுப்பணை இருக்கிறது. அது சுற்றுக் கிணறுகளுக்கு எவ்வளவு ஊற்று கொடுக்கிறது என்பதை அண்ணா பல்கலைக்கழக நிலவியல் ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆறு சில நாட்கள் புரண்டு ஓடும். பிறகு மணல் மட்டும் கிடக்கும். அந்தச் சில நாள் தண்ணீரை ஏரியிலும் தடுப்பணையிலும் நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதுதான் இந்தக் கணக்கில் நம் கையில் இருக்கும் ஒரு முக்கிய எண்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியில் 2010 முதல் ஓடுகிறதே, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருகிறதே, பிறகென்ன என்று சிலர் கேட்கிறார்கள். அது சென்னைக்குக் குடிக்கத் தரும். பொன்னேரி வயலுக்குப் பாயாது. அந்த ஆலையிலிருந்து வெளியேறும் உப்புக் கரைசலும் கடல்நீரைவிட அடர்த்தியானது. சரியாகப் பரப்பிக் கலக்கவில்லை என்றால் கடலடியில் போய்ப் படியும். இயந்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அடர்த்தியின் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு பள்ளியும் சுற்றியுள்ள பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுக்கட்டும். மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறை, மழை முடிந்து தையில் ஒரு முறை, கோடையில் சித்திரையில் ஒரு முறை, கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளவிடுங்கள். டி.டி.எஸ். மீட்டரில் உப்பைப் பாருங்கள். தேதி போட்டு ஒரே நோட்டில் எழுதுங்கள். இந்த வேலைக்குச் செலவு அதிகம் இல்லை. விடாமல் செய்ய ஆள் வேண்டும். உழவர்களே, கிணற்றடியில் பிள்ளைகளை அளக்க விடுங்கள், துணைக்கு நில்லுங்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தை ஒட்டிக் கிராம சபை கூடுவது உண்டு. அந்த நோட்டை அங்கே கொண்டுபோய் வையுங்கள். எந்த ஏரியைத் தூர்வார வேண்டும், எங்கே இறைப்பதைக் குறைக்க வேண்டும் என்று ஊர் முடிவெடுக்கும்போது, பேச்சாளர் சொன்னார் என்று யாரும் சொல்ல வேண்டாம். உங்கள் பிள்ளைகள் அளந்த எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்.